கொள் என்ற வேர்ச்சொல்

அண்ணன் பத்திர நகலை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன அன்று காலையில்தான் பத்தாம் வகுப்பில் ‘கொண்டான்’ என்ற சொல்லை நடத்தியிருந்தேன். கல்வெட்டுப் பாடம். அரசர்கள் தாங்கள் பிடித்த ஊரின் பெயரோடு ‘கொண்டான்’ என்று சேர்த்துப் பட்டமாக வைத்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, “மிஸ், கொண்டான்னா வாங்கினானா, புடுங்கினானா?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. அவள் கேட்டதில் சிரிக்க எதுவும் இல்லை. எங்கள் பள்ளி கீழ்பென்னாத்தூர் பக்கம். அங்கே நெல் வாங்கும் இடத்துக்குக் கொள்முதல் நிலையம் என்று பெயர். அவளுடைய அப்பா அறுவடைக்கு அறுவடை மூட்டையோடு அங்கே நிற்பவர். அவளுக்குக் கொள்வது என்றால் வாங்குவது.

“ரெண்டும்தான்” என்றேன். “கொள்முதலும் கொள்ளையும் ஒரே வேர்ல வந்தது. எது எதுன்னு குடுத்தவனக் கேட்டாத்தான் தெரியும்.”

சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால் அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அவனை எழுத்தில் ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். பேச்சில் நாற்பது வருஷமாகக் கொடுத்த வாங்க, போங்க போதும்.

“செவ்வாக்கெழம பத்தர மணிக்குப் பதிவு ஆபீஸுக்கு வந்துடு. டோக்கன் போட்டாச்சி” என்றான். “ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. அவ்ளோதான்.”

“இன்னா பத்திரம் இது?”

“அப்பா எடம். அம்மா அவங்க பாகத்த எனக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நீயும் குடுத்துட்டீன்னா ஒரே பேர்ல வந்துடும்.”

“படிச்சிப் பாத்துட்டு சொல்றேங்க.”

“இதுல படிக்கறதுக்கு இன்னா இருக்குது? எல்லா வூட்லயும் பொம்பளப் புள்ளைங்க போட்டுக் குடுக்கற பத்திரந்தான்.” என் கணவர் போட்டு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

இடம் அடி அண்ணாமலையில் இருக்கிறது, கிரிவலப் பாதையை ஒட்டி அரை ஏக்கர். அப்பா பஸ் டிரைவர். அவர் வாங்கின காலத்தில் அது வெறும் கல்லும் முள்ளும். கிணறு வெட்டி, பின்பக்கம் ஓட்டு வீடு கட்டினார். பரம்பரையாக வந்த சொத்து அல்ல, அவரே சம்பாதித்தது. பத்திர பாஷையில் சுயார்ஜிதம். அவர் எதுவும் எழுதி வைக்காமல் ஒரு நாள் டிப்போவிலேயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் வாரிசு.

அதற்குள் பௌர்ணமிக்கு பௌர்ணமி கூட்டம் பெருகி, பாதையோரம் ஒரு முழம் இடத்துக்கும் கிராக்கி வந்துவிட்டது. அண்ணன் முதலில் ஒரு பெரிய குடையை நட்டு சோடா விற்றான். பிறகு குடை போய்த் தகரக் கொட்டகை வந்தது. கொட்டகை போய் மூன்று கடை வந்தது. கடைகளுக்கு முன்னால் தகர நிழல் வந்தது, நிழலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ்களில் எழுதுகிறார்களே, அந்த வடமொழிச் சொல்லின் உள்ளே இருப்பது அடியெடுத்து வைப்பது என்ற பொருள்தான். அதை எனக்கு எந்த அகராதியும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை அம்மாவைப் பார்க்கப் போகும்போதும் அவன் ஓர் அடி முன்னால் வந்திருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை. அதை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தை அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். இருபது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், ஒரு பத்திரத்தை வரிவரியாகப் படித்தது அன்றுதான். மேலே தலைப்பு ‘விடுதலைப் பத்திரம்’. பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர் விடுதலை. யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அதில் எங்கும் இல்லை. நடுவில், இனி சொத்தை அவனே ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ வேண்டியது என்று இருந்தது. ஆண்டு என்றால் ஆட்சி செய்து. அரை ஏக்கருக்கும் மூன்று டீக்கடைக்கும் ஆட்சி. கீழே, நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக இதை எழுதிக்கொடுப்பதாக என் சார்பில் யாரோ எழுதியிருந்தார்கள்.

“போட்டுடேன்” என்றார் என் கணவர். மருந்துக்கடையில் வேலை செய்பவர். சத்தம் ஆகாது அவருக்கு. “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அண்ணன் வேணும்.”

மறுநாள் அம்மா போன் செய்தாள். “உனக்குக் கொண்டவன் இருக்கான். சம்பளம் வருது. அவனுக்கு இன்னா இருக்குது சொல்லு. நீ வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

கொண்டவன் என்றால் புருஷன். அந்தச் சொல்லை அம்மா என் கல்யாணத்திலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அன்றுதான் அது காதில் முள்ளாகக் குத்தியது. ஒருவன் கொண்டான், ஒருவர் கொடுத்தார். சம்பந்திகளைக்கூட ‘கொண்டான் கொடுத்தான்’ என்றுதானே சொல்கிறோம். நான் கொடுக்கப்பட்ட பொருள். பொருளுக்குப் பங்கு எங்கிருந்து வரும்?

இருந்தும் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, கையெழுத்துப் போடத்தான் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை. எதிர்த்து நிற்க வேண்டும் என்ற தீர்மானமெல்லாம் என்னிடம் இல்லை. அம்மா அழுவாளே என்று போனேன்.

பதிவு ஆபீஸ் வராந்தாவில் அண்ணன், அண்ணி, அம்மா, சாட்சிக்கு வந்த இரண்டு பேர், பத்திரம் எழுதினவர் எல்லோரும் நின்றிருந்தார்கள். அம்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அண்ணன் பத்திரம் எழுதினவரிடம், “வந்துட்டாங்க டீச்சரம்மா. செவப்பு மையில கையெழுத்துப் போட்டுடப் போறாங்க, நீங்களே ஒரு பேனா குடுத்துடுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்தாமலே, “பொம்பளப் புள்ளைக்கு எல்லாம் செஞ்சி அனுப்பிச்சாச்சிங்க. இது சும்மா சட்டத்துக்காக ஒரு பேப்பரு” என்றான்.

அவன் என்னைக் கேலி செய்தது பெரிதல்ல. அம்மா சிரித்ததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். பதிவு அதிகாரி என் வயதுப் பெண். பத்திரத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, “படிச்சிப் பாத்தீங்களாம்மா?” என்றார்.

“பாத்தேங்க.”

“எல்லாம் சம்மதந்தானே?”

“இல்லைங்க” என்றேன்.

காமிராவைச் சரிசெய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார். “அப்போ பதிய முடியாது” என்று பத்திரத்தை மேசைமேல் அண்ணன் பக்கமாக நகர்த்தினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், கதையே வேறு மாதிரி போயிருக்கும். பக்கத்தில் வந்து மெதுவாக, “இனிமே அந்த வூட்டு வாசப்படி மிதிச்ச, மருவாத கெட்டுடும்” என்றான். அம்மா என் கையைப் பிடித்தாள். சமாதானத்துக்கு என்று நினைத்தேன். “உங்கப்பா இருந்திருந்தா உன்ன வெட்டிப் போட்டிருப்பாரு” என்று சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.

அந்த வாரமே வக்கீலைப் பார்த்தேன். என்னோடு கல்லூரியில் படித்தவள்தான். கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு மாடி அறையில் ஆபீஸ். அவள் கையெழுத்து வாங்கிய காகிதங்களின் பெயர்களைக் கவனித்தேன். பிராது, வக்காலத்து. இனிமேல் வரப்போவது வாய்தா, அமீனா, ஜப்தி, ராஜி. எல்லாம் ஆற்காட்டு நவாப் காலத்துக் கச்சேரியில் புழங்கிய சொற்கள். படை வந்தது, போனது. ஆனால் ஜாஸ்தி, கம்மி என்று வீட்டுக்குள்ளேயும் வாரிசு என்று ரத்தத்துக்குள்ளேயும் அந்தச் சொற்கள் தங்கிவிட்டன. ஊரைப் பிடித்தவன் செத்த பிறகும் அவன் வாய்ச்சொல்லால்தான் நாங்கள் அண்ணன் தங்கை சண்டை போட்டுக்கொள்கிறோம்.

அவளிடம் கொள்முதல், கொள்ளை பற்றிச் சொன்னேன். அவள் சட்டப் புத்தகங்களில் புதைந்து கிடப்பவள். “இங்கிலீஷ்லயும் அதே கததான்” என்றாள். “கான்க்வெஸ்ட்னு சொல்றமே, அதுக்கு லத்தீன் மூலத்துல தேடிச் சேக்கறதுன்னுதான் அர்த்தம். அந்தப் பக்கத்துப் பழைய சட்டம் ஒண்ணுல, பரம்பரையா வராம ஒருத்தன் தானா சம்பாதிச்ச நிலத்துக்கே அந்தப் பேரு. நம்ம சுயார்ஜிதம் மாதிரி.”

“அப்போ கத்திய எடுத்துக்கினு போயி ஊரப் புடிச்சவன்?”

“அவனும் தேடிச் சேத்தேன்னுதான் சொல்லியிருப்பான். உங்கண்ணன் பதிலுரை போடட்டும், பாரு. ‘என் உழைப்பால் அபிவிருத்தி செய்தேன்’னுதான் முதல் வரியே இருக்கும்.”

அப்படியேதான் இருந்தது.

வழக்கு நடந்த வருஷங்களில் அவன் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறேன் என்று பள்ளிக்குப் பெயர் போடாத கடிதம் வந்தது. கையெழுத்தை மாற்றி எழுதியிருந்தான், எழுத்துப் பிழைகளை மாற்றவில்லை. அண்ணனின் ‘ற’வும் ‘ர’வும் எனக்குத் தெரியாதா? சித்தப்பா மகன் கல்யாணத்தில் நானும் என் கணவரும் உட்கார்ந்த பந்தியில் எங்களுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகவே கிடந்தது. பரிமாறினவர்கூட அந்த இலைகளைத் தாண்டி வரத் தயங்கினார்.

நான் செய்ததையும் சொல்கிறேன். தமிழ் பாடத்தில் போருக்கெல்லாம் பூ உண்டு. மண்ணாசையால் அடுத்தவன் நாட்டின்மேல் போனால் வஞ்சி. கோட்டையை வளைத்தால் உழிஞை. வென்றால் வாகை. கொலைக்கும் கொள்ளைக்கும் பூ வைத்த இலக்கணத்தை எத்தனையோ வருஷம் ரசித்து நடத்தியிருக்கிறேன். எதிரியின் கோட்டையை எந்தப் பக்கமிருந்து வளைப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் கடைகளின் தகர நிழல் நாலடி வெளியே நீண்டு மழைநீர்க் கால்வாயின் மேல் நின்றது. அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து ஆக்கிரமிப்பு அகற்றும் ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில், பிழையில்லாமல், என் பெயர் போட்டு. எந்த நாளில் கொடுத்தால் எந்த நாளில் ஆள் வருவார்கள் என்று விசாரித்துத்தான் கொடுத்தேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்து நிழலைக் கழற்றினார்கள். மறுநாள் ஊரெல்லாம் மலையைச் சுற்றி வரும்போது அவன் கடைகள் மொட்டை வெயிலில் நின்றன. அன்று மத்தியானம் நான் கூட்டத்தோடு நடந்து அவன் கடையைத் தாண்டிப் போனேன். கும்பிடப் போகவில்லை. அதைப் பார்க்கப் போனேன். அவன் என்னைப் பார்த்தான். அண்ணி என் பக்கம் திரும்பிக் கீழே காறித் துப்பினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. அம்மாவின் பங்கும் சேர்ந்து அண்ணனுக்கு மூன்றில் இரண்டு, எனக்கு ஒன்று. கோர்ட் அனுப்பிய கமிஷனர் வக்கீல் டேப் பிடித்து அளந்தார். முன்பக்கக் கடைகள் அண்ணனுக்கு. பின்பக்க ஓட்டு வீடும் கிணறும், பாதைக்கு வருகிற ஆறடிச் சந்தும் எனக்கு. பள்ளியில் தலைமையாசிரியை கைகொடுத்து, “ஜெயிச்சிட்டீங்களாமே டீச்சர்” என்றார். என் கணவர் அன்று யாரும் சொல்லாமலே அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அம்மா அந்த வீட்டில்தான் இருந்தாள். அவளை யாரும் கிளம்பச் சொல்லவில்லை. நீயே இரு, நான் வந்து கூட இருக்கிறேன் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினேன். பதில் இல்லை.

சுவாதீனம் எடுக்கிற நாளில், அதாவது இடத்தை என் கையில் ஒப்படைக்கிற நாளில், அதை நிறைவேற்றிக் கொடுக்கும் கோர்ட் அமீனா, வக்கீல், என் கணவர், நான் என்று நாலு பேர் போனோம். அமீனா பூட்டை உடைக்க ஆள் கூட்டி வந்திருந்தார். உடைப்பதற்குப் பூட்டு இல்லை. பூட்டு மாட்டுவதற்குக் கதவும் இல்லை. வாசல் கதவை அண்ணன் நிலையோடு பெயர்த்திருந்தான். ஜன்னல்களைச் சுவரிலிருந்து இழுத்திருந்தான், இருந்த இடமெல்லாம் செங்கல் பல்லை இளித்தது. ஃபேன், விளக்கு, சுவிட்சுப் பெட்டி, அதற்குள்ளிருந்த ஒயர் எல்லாம் போயிருந்தன. சமையலறையில் அப்பா ஆசையாகப் போட்ட கடப்பைக் கல் இரண்டாக உடைந்து கிடந்தது. எடுத்துப்போக முடியாததை உடைத்துவிட்டுப் போயிருக்கிறான். கிணற்றில் மோட்டார் இல்லை, குழாயும் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

“இதெல்லாம் எழுதிக்கிலாமா மேடம்?” என்று அமீனா வக்கீலிடம் கேட்டார். வக்கீல் என்னைப் பார்த்தாள். “வேணாம்” என்றேன். “எடத்த மட்டும் குடுத்துட்டதா எழுதிக்குங்க.” அவர் நீட்டின காகிதத்தில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலும் அந்தக் ‘கொண்டேன்’ இருந்தது.

அம்மா சந்தின் முனையில், அண்ணன் கடைக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் போனேன்.

“உள்ள வாம்மா. கதவு, ஜன்னலு எல்லாம் ஒரு வாரத்துல போட்டுடறேன். உன் ரூம்லயே இரு.”

“எதுக்கு?”

“இது அப்பா கட்டின வூடும்மா.”

“உங்கப்பா கட்டினது. நீ புடுங்கினது.” அவள் என்னைப் பார்க்காமல் ஓட்டைப் பார்த்தபடி சொன்னாள். “ஜெயிச்சவளாச்சே, நீயே இருந்து ஆளு.”

வகுப்பில் அந்தப் பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பாதிதான் சரி என்று அப்போது தோன்றியது. கொடுத்தவரைக் கேட்டால் தெரியும் என்றேன். நான் எடுத்தது சட்டப்படி என்னுடையது. ஆனாலும் கேட்டால் அம்மா பிடுங்கினது என்றுதான் சொல்வாள். அண்ணன் வளைத்துப்போட்டதைக் கேட்டால் உழைத்துச் சேர்த்தான் என்பாள். சொல்லுக்குப் பொருள் வேரில் இல்லை. யார் பக்கம் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதில் இருக்கிறது. இதைப் பாடத்தில் எழுத முடியாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

கதவு போட்டோம், மோட்டார் போட்டோம், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடிவந்தோம். நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பினேன். அம்மா அண்ணனோடு கடைக்கு மேலே கட்டிய அறையில் இருக்கிறாள். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மேலே துணி காயப்போடுவாள். நான் சந்தின் முனையைத் தாண்டும் வரைக்கும் என் பக்கம் திரும்பமாட்டாள்.

அண்ணன் பங்கில் தண்ணீர் இல்லை. இரண்டு இடத்தில் போர் போட்டுப் பார்த்தான். புகை மாதிரி கல்தூள்தான் வந்தது. மலையடிவாரத்தில் அப்படித்தான், பத்தடி தள்ளினால் பாறை. போன சித்திரைப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். சுவர் எழுப்பிய பிறகு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

“பௌர்ணமி வருது” என்றாள். “லாரித் தண்ணிக்குச் சொன்னா வரமாட்டேங்கறான். கடைக்கு ஒரு குழா இழுத்துக்கறேன்னு கேக்கறான்.”

“யாரு கேக்கறது?”

“உங்கண்ணன்தான்.”

“அவரு கேக்கலையே. நீதான கேக்கற.”

அவள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். எழுபது தாண்டியவள். வெயிலில் நின்றிருந்தாள். உள்ளே வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

“உனக்கு எவ்ளோ வேணுமோ எடுத்துக்கம்மா” என்றேன். “தெனம் வந்து எடுத்துக்கோ. நானே மொண்டு ஊத்தறேன். உன் புள்ளைக்கு ஒரு சொட்டுக் கிடையாது.”

அம்மா குடத்தின் வாயில் கையை வைத்து மூடிக்கொண்டாள். திரும்பிச் சந்தில் நடந்தாள். வெறும் குடத்தை, நிறைகுடம் போல இடுப்பை வளைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இப்போது மாதாமாதம் லாரி வருகிறது. திருப்ப இடமில்லாமல் என் சுவரில் உரசிவிட்டுப் போகிறது. என் கணவர் இரண்டு முறை, ஒரு குழாய்தானே, விட்டுத்தொலையேன் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கிணற்றில் கோடையிலும் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் கழுத்தளவு நிற்கிறது. இரண்டு பேர் குடிப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்பு மொண்டு குடிக்கிறேன். நல்ல ருசியான தண்ணீர்.